என் தம்பி அடைத்த துளைகள்

என் தம்பி ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கூரையைப் பார்ப்பான். மேலே இன்னொரு வீடு இருக்கிறதா, மொட்டை மாடியா என்று கேட்பான். மாலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, அறையில் எத்தனை பேர் படுப்பார்கள், சமையலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் எந்த ஏசி வாங்கலாம் என்று வாயைத் திறப்பான். அதற்குள் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும். கடையில் ஐந்து நிமிடத்தில் விற்றுவிடும் சாமானுக்கு இவன் அரை மணி நேரம் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பான்.

ஒரு துணிக்கடை முதலாளி தன் பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு டன் ஏசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "அண்ணே, இது நீங்க படுக்கிற ரூமா, மீன் அடுக்குற குடோனா?" என்று தம்பி கேட்டுவிட்டான். பெரிய மெஷின் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், திரும்ப ஓடும், திரும்ப நிற்கும், காற்றில் உள்ள ஈரத்தை எடுக்காது, போர்வை நசநசவென்று இருக்கும், கம்ப்ரஸரும் சீக்கிரம் போய்விடும் என்று விளக்கி, ஒரு டன்னையே மாட்டினான். முதலாளி முறைத்துக்கொண்டே சம்மதித்தார். அடுத்த கோடையில் தன் மைத்துனர் வீட்டுக்கும் இவனையே அனுப்பச் சொன்னார்.

மற்ற மெக்கானிக்குகள் வந்த உடனேயே கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்பார்கள். இவன் சோப்பு நுரையைக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்த பிறகுதான் கேஸைத் தொடுவான். வெளியில் மாட்டிய பெட்டியின் தகடுகள் மடங்கியிருந்தால் பழைய பல் பிரஷை வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவான். வேலை முடிந்ததும் தரையைத் தானே துடைப்பான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள், அவன் வேலை செய்த வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தெருவில் எல்லோருக்கும் அவன் ஜில்லு. எனக்கு மட்டும் தம்பி. நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவன் பத்து வரை போய்விட்டு, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் சேர்ந்து, அங்கிருந்து ஏசிக்கு வந்தான். மாடிப்படிக்கு அடியில் உள்ள அறைதான் எங்கள் கடை. போன் எடுப்பதும் அட்டை எழுதுவதும் என் வேலை. வீட்டுக்கு ஓர் அட்டை. அறையின் நீள அகலம், மெஷின் மாட்டிய தேதி, ஃபில்டர் கழுவிய தேதி, செய்த வேலை எல்லாம் அதில் இருக்கும். ஒன்பது வருடத்தில் ஓர் அட்டைகூடத் தொலைந்ததில்லை.

போன வருடக் கோடை கொடுமையாக இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரே மாதிரி ஒன்பது கட்டடங்கள் உண்டு. நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, எல்லாக் கதவும் பச்சை. எங்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான். ஏசி நாள் முழுக்க ஓடியும் அறையில் குளிர் நிற்கவில்லை என்று அங்கிருந்து போன் மேல் போன் வந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. தம்பி ஒரு வீட்டில் துணித் திரியைக் கொளுத்தி அணைத்து, புகையும் திரியைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோனான். ஜன்னல் சட்டத்தில் புகை கொஞ்சம் ஆடியது. அலமாரிக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், புகை திரும்பி அவன் முகத்தில் அடித்தது. அலமாரியை நகர்த்தினால் சுவரில் ஏழு அங்குலத்துக்கு ஒரு துளை. துருப்பிடித்த கம்பி வலை. அதன் வழியாக வெளிக் காற்று அனலாக வந்துகொண்டிருந்தது.

கட்டடம் கட்டியவர்கள் குழாய் விடுவதற்காக வைத்த துளை, அடைக்க மறந்துவிட்டார்கள் என்று அவன் நினைத்தான். டப்பாவில் வரும் நுரையைப் பீய்ச்சி அடைத்தான். நுரை உப்பி இறுகியதும் சுவர் மட்டத்துக்கு அறுத்து, பட்டி பூசி, தேய்த்து, சுவரின் நிறத்துக்கே பெயிண்டும் கலந்து அடித்தான். ஜன்னலுக்கும் கதவுக்கும் ரப்பர் பட்டை ஒட்டினான். அறை பாதி நேரத்தில் குளிர்ந்தது. மறுநாள் அந்த வீட்டு அம்மா, துளை இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எனக்குப் போன் செய்து சிரித்தார்.

பேச்சு பரவியது. அந்தக் கோடையில் அட்டைகளில், மூலையிலிருந்து துளை எவ்வளவு தூரம் என்ற அளவோடு, இருபத்தேழு முறை எழுதினேன்: துளை அடைப்பு, ஒன்று.

அந்தத் துளைக்கு ஒரு கை தூரத்தில் ஒவ்வொரு வீட்டிலும், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் இருந்தது. கோடையில் அதை யாரும் ஹீட்டராகப் பார்ப்பதில்லை. மேலே ஒரு துணியை விரித்து, சாவிக்கொத்தும் பூச்சாடியும் வைத்திருப்பார்கள். ஹீட்டர் வேலைக்கு வேறு ஆள் உண்டு. மழை முடிந்து குளிர் தொடங்கும் வாரத்தில் பையோடு வருவார். அந்த வாரத்தில் என் தம்பி ஏசி வேலையை நிறுத்திவிட்டு மீன் கிடங்குக்குக் குளிர்ப்பெட்டி பார்க்கப் போய்விடுவான். இரண்டு பேரும் ஒரே வீடுகளுக்கு வருடக்கணக்காகப் போய் வந்தார்கள். ஒரே வீட்டில் ஒரு நாளும் சந்தித்ததில்லை. டீக்கடையில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

போன குளிரில் அந்தக் கட்டடங்களில் முதலில் இறந்தவர் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகியும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். தம்பி வேலையை முடித்துக் கருவிகளை எடுத்து வைத்தால் சுவரை இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்பார். அவர் மனைவி நான்கு நாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். முதல் குளிர் வந்த அன்று கண்டக்டர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஹீட்டரைப் பற்றவைத்து, அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் இரண்டு நாள் செய்தித்தாள் கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கதவை உடைத்தார்.

மாரடைப்பு என்றார்கள். டாக்டர், அது இல்லை என்றார். நிறமும் மணமும் இல்லாத நச்சுப்புகை, ஹீட்டரிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுத்தார். கேஸ் அலுவலகத்து ஆள் வந்து ஹீட்டரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழசு, உரிமையாளர் கவனக்குறைவாக மாற்றாமல் விட்டிருக்கிறார் என்று அறிக்கை எழுதினார். ஒரு வாரத்தில் கோப்பை மூடிவிட்டார்கள்.

தம்பி துக்கம் கேட்கப் போனான். அங்கே ஹீட்டர்க்காரர் அந்த ஹீட்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல், இந்த அறைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். நெருப்பு எரியக் காற்று வேண்டும், காற்று உள்ளே வராவிட்டால் குழாய் வழியாகப் போக வேண்டிய புகை அறைக்கே திரும்பிவிடும், அதற்காக இந்தக் கட்டடங்களில் வீட்டுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள், இந்த வீட்டில் மட்டும் வைக்காமல் ஏமாற்றிவிட்டார்கள் போல என்று முணுமுணுத்திருக்கிறார். மண்டியிட்டு உள்ளங்கையால் சுவரைத் தடவியும் பார்த்திருக்கிறார். அவருக்குத் தட்டுப்படவில்லை. என் தம்பியின் வேலை அப்படி.

மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் தொடவில்லை. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். பிறகு அட்டைகளைக் கேட்டான். நான் இருபத்தேழையும் பிரித்து எடுத்து, கண்டக்டருடையதைத் தனியாக வைத்தேன். மீதி இருபத்தாறு. வெளியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தையை இங்கே மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

"யாருக்கும் தெரியாதுல்ல?" என்றேன்.

நானே வழியும் சொன்னேன். இலவசமாக ஏசியைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி உள்ளே போ, வேலையோடு வேலையாகத் துளையைத் திறந்துவிட்டு வந்துவிடு என்றேன். சிறையில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. எங்களுக்கு மேலும் கீழும் யாரும் கிடையாது, நாங்கள் இரண்டு பேர்தான்.

மறுநாள் போனான். முதல் நான்கு வீடுகளில் இரண்டில் விடவே இல்லை. இந்தக் குளிரில் ஏசிக்கு என்ன அவசரம் என்று சிரித்துக் கதவைச் சாத்தினார்கள். மற்ற இரண்டில், துளையை அடைத்ததால் சுவரில் ஈரம் இறங்குகிறது, திறக்க வேண்டும் என்று ஏதோ சொல்லித் திறந்தான். அதற்கு அடுத்த நாள் சந்தேகப்பட்டு அந்த இரண்டு வீட்டையும் திரும்பப் போய்ப் பார்த்தான். ஒரு வீட்டில் துளைக்குள் பழைய பனியனைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். குளிர்காற்று வந்தால் என்ன செய்வார்கள்? எதற்காகத் துளை என்று தெரியாத மனிதர் அதை அடைக்கத்தான் செய்வார். அவனே செய்ததுதானே அது.

பனியனைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்தான். "உண்மையைச் சொன்னாத்தான் தொறந்தது தொறந்தபடி இருக்கும்க்கா" என்றான். இரண்டு நாள் என்னால் வீணாகிவிட்டது.

முதலில் கண்டக்டர் வீட்டுக்குப் போனோம். நானும் கூடப் போனேன். வீட்டம்மா எங்களை உட்காரச் சொன்னார். தம்பி உட்காரவில்லை. ஹீட்டர் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகளும் கறுத்த ஒரு சதுரமும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் குனிந்து, வெறும் சுவரில் விரலை வைத்தான்.

"இங்க ஒரு ஓட்டை இருந்துச்சும்மா. ஹீட்டருக்குக் காத்து வர்றதுக்கு வெச்சது. எனக்குத் தெரியல. நான்தான் அடைச்சேன். அதனாலதான் ஐயா போனாரு."

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஹீட்டர் பழசானதால இல்லையா?" என்றார்.

"இல்லம்மா. நல்ல ஹீட்டர். ஐயா வருஷா வருஷம் ஆள் வெச்சு சுத்தம் பண்ணியிருக்காரு."

"மாத்துங்க மாத்துங்கன்னு பத்து வருஷமா சொன்னேன்" என்றார் வீட்டம்மா. "நல்லாத்தானே எரியுதுன்னு சொல்லுவாரு. பேச்சைக் கேக்காம இப்படிப் பண்ணிட்டாரேன்னு, அவர் நாற்காலியப் பாத்துத் தினமும் திட்டிக்கிட்டு இருக்கேன்."

தம்பி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் எத்தனை வீட்டுல அடைச்சிருக்க?"

"இருபத்தாறும்மா. அதுல ரெண்டு தொறந்தாச்சு."

"போ. எல்லாத்தையும் தொறந்துட்டு வா. அப்புறம் உன்னை நானே போலீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அங்கிருந்து நான் கடைக்கு ஓடி வந்து அட்டைகளைப் பரப்பினேன். குழந்தைகள் இருக்கும் வீடுகள், வயதானவர்கள் இருக்கும் வீடுகள், மற்றவை என்று அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். என் தம்பி செய்த தவறு இது, கண்டக்டர் இதனால்தான் இறந்தார், அவன் வரும்வரை ஹீட்டரை ஏற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஒரே மாதிரி சொன்னேன். பத்தொன்பது வீட்டில் எடுத்தார்கள். சிலர் நன்றி சொல்லி வைத்தார்கள். ஒருவர், புது ஹீட்டர் விற்க இப்படியும் ஒரு வழியா என்று கேட்டார். ஒரு பெரியவர், இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்தால் கண்டக்டருக்குப் பின்னாலேயே நானும் போய்ச் சேருவேன் என்றார். கெஞ்சித்தான் அவரைத் திறக்க வைத்தேன்.

தம்பி ஹீட்டர்க்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜில்லுன்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க. மண்டைக்குள்ள ஐஸ்தான் இருக்கு" என்றாராம். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். துளையைத் திறந்தால் மட்டும் போதாது, நெருப்பு எந்த நிறத்தில் எரிகிறது என்று பார்க்க வேண்டும், நீலமாக இருந்தால் சரி, மஞ்சளாக இருந்தால் அது மூச்சுத் திணறுகிறது என்று பொருள், அது உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். முதல் இரண்டு நாள் வேலையைத் தவிர வேறு எதுவும் இவனிடம் பேசவில்லை.

ஐந்து நாள் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தம்பி உண்மையைச் சொன்னான். கண்டக்டர் சாவுக்கு நான் காரணம், உங்கள் வீட்டிலும் அதே தவறைச் செய்திருக்கிறேன், திறக்க விடுங்கள். அவன் அடைத்த இடங்களை அவனாலேயே கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. அட்டையில் நான் எழுதிய அளவை வைத்து, மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து, உளியை வைத்தான். சில வீடுகளில் டீ கொடுத்தார்கள். சில வீடுகளில் அவன் முகத்தையே பார்க்கவில்லை. ஆறு வீடுகளில் நெருப்பு மஞ்சளாக எரிந்து, ஹீட்டருக்கு மேலே சுவர் கரி பிடித்திருந்தது. அந்த ஆறு வீட்டிலும் தலைவலி மாத்திரை அட்டை மேசை மேலேயே கிடந்ததாக ஹீட்டர்க்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

அதில் ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளை. மூன்று வாரமாகக் காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிக்கிறது என்று அப்பா அடித்திருக்கிறார். தம்பி சொல்லி முடித்ததும் அந்த மனிதர் அவனை அறைந்தார். பிறகு, "என் பொண்ணை அடிச்சேன்டா" என்றார். இன்னொரு முறை அறைந்தார். தம்பி நகரவில்லை. ஹீட்டர்க்காரர்தான் குறுக்கே போய் ஜன்னல்களைத் திறந்தார். தம்பி துளையைத் திறந்து, தூசியைக் கூட்டி அள்ளி, தரையைத் துடைத்துவிட்டு வந்தான். அன்று கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் இருபத்தாறாவது அட்டையில் கோடு போட்டேன். முடிந்தது என்று அவன் சுவரில் சாய்ந்தான். எனக்கு ஒன்று இடித்தது. ஒரு டப்பா நுரையில் இரண்டு துளை அடைப்பான். அந்தக் கோடையில் பதினான்கு டப்பா வாங்கினோம், காலி டப்பாக்களைப் பின்பக்கம் நான்தான் அடுக்கினேன். ஒன்றிலும் மீதி இல்லை. பதினான்கு டப்பாவுக்கு இருபத்தெட்டுத் துளை. அட்டை இருபத்தேழுதான்.

"இன்னொண்ணு எங்கடா?" என்றேன்.

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். ஏதோ ஒரு கட்டடத்தில் மேல்மாடி வேலையை முடித்துவிட்டு இறங்கும்போது, படிக்கட்டில் துணிக் கூடையோடு ஒரு பெண் நிறுத்தி, எங்கள் வீட்டையும் ஒரு பார்வை பாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். கையில் பாதி டப்பா இருந்திருக்கிறது. இருபது நிமிட வேலை. என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். எந்தக் கட்டடம்? தெரியவில்லை. எந்த மாடி? நடுவில் ஏதோ ஒன்று. கதவு? பச்சை.

அந்த மாதத்து அட்டைகளைப் பார்த்தேன். நான்கு கட்டடங்களில் மேல்மாடி வேலை செய்திருந்தான். கட்டடத்துக்குப் பதினாறு வீடு. அறுபத்து நான்கு கதவு. மேல்மாடியையும் தரைத்தளத்தையும் கழித்துப் பார்க்கலாமே என்றேன். நினைவை நம்பமாட்டேன் என்று அவன் ஹீட்டர்க்காரரோடு போய் எல்லாக் கதவையும் தட்டினான். திறந்தவர்களிடம் மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லி, மண்டியிட்டுச் சுவரில் கம்பி வலை தெரிகிறதா என்று பார்த்தான். வலை இருந்தால் அடுத்த கதவு. மூன்றாவது கட்டடத்துக்கு நானும் போனேன். எனக்கு முட்டி வலி, படியேற முடியாது. இருந்தாலும் போனேன்.

இரண்டாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு சிவந்து, ஒரு பெண் நின்றாள். ஹீட்டர்க்காரரின் பையைப் பார்த்தவுடன் பிடித்துக்கொண்டாள்.

"ஹீட்டர் எரியலன்னு வீட்டு ஓனர்கிட்ட மூணு வாரமா கத்துறோம். இப்பதான் உங்களுக்கு வழி தெரிஞ்சுதா? உள்ள வந்து உக்காந்து பாருங்க, மனுஷன் இருக்க முடியுதான்னு."

தம்பி அவளைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த ஆளுக்கு மயக்கமா என்று என்னிடம் கேட்டாள்.

"எரியாமப் போனதுதான்மா உங்களைக் காப்பாத்துச்சு" என்றார் ஹீட்டர்க்காரர்.

தம்பி எழுந்து, இன்னொரு முறை எல்லாவற்றையும் சொன்னான். அவள் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டு கேட்டாள். துளையைத் திறந்தான். ஹீட்டர்க்காரர் ஹீட்டரைப் பிரித்து, அடைபட்டிருந்த சின்னஞ்சிறு கேஸ் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. அது எரிவதை நாங்கள் நான்கு பேரும் அரை மணி நேரம் நின்று பார்த்தோம்.

மறுநாள் காலை கண்டக்டர் வீட்டம்மா சொன்னபடி எங்களைப் போலீசுக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. போலீஸ் அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. மூடிய கோப்பு, கேஸ் அலுவலகமே எழுதிக் கொடுத்துவிட்டது, எதற்காகத் திரும்பக் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். இந்த ஆள் இனி அப்படிச் செய்யமாட்டான், வீட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

வீட்டம்மா எழவில்லை. "அதுல என் வீட்டுக்காரர் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. அதை அடிச்சிட்டு, இவன் சொல்றதை எழுதுங்க" என்றார்.

தம்பி சொன்னான். துளை ஏழு அங்குலம், தரையிலிருந்து ஒன்பது அங்குலம், அடைத்த தேதி, பூசிய பட்டி, எல்லாம். மெதுவாகச் சொல்லும்படி அதிகாரி இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கண்டக்டர் வீட்டு அட்டையை நான் மேசை மேல் வைத்தேன். நீதிமன்றத்தில் அதுதான் சாட்சியாக இருந்தது. துளை அடைப்பு, ஒன்று. என் கையெழுத்து.

பதினெட்டு மாதம் கொடுத்தார்கள். தொழில் உரிமத்தை ரத்து செய்தார்கள். தானாகவே வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக நீதிபதி வாசித்தார். எடுக்காவிட்டால் எவ்வளவு என்று தெரியாது. வீட்டம்மா தீர்ப்பு நாளில் வரவில்லை. திருத்திய அறிக்கையின் நகலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவிடுக்கில் கையை நீட்டி வாங்கிக்கொண்டு சாத்திவிட்டார்.

மாதத்தில் இரண்டு நாள் தம்பியைப் பார்க்க விடுகிறார்கள். மெலிந்துவிட்டான். அங்கே சமையலறைக் குளிர்ப்பெட்டியை அவன்தான் பார்த்துக்கொள்கிறானாம். தன்னைப் பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். இந்த வருடம் குளிர் தொடங்கும் முன்பே என்னைத் துளைத்தெடுத்தான். எல்லாவற்றையும் போய்ப் பார், ஹீட்டர்க்காரரைக் கூட்டிப் போ என்று.

போனோம். கண்டக்டர் வீட்டம்மா வீட்டை விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார். மற்ற இருபத்தேழு வீட்டுக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சிலர் கதவைத் திறக்காமலே, இருக்கிறது இருக்கிறது என்றார்கள். பார்க்காமல் போகமாட்டேன் என்று நின்றேன். இருபத்தைந்து வீட்டில் துளை துளையாகவே இருந்தது. இரண்டு வீட்டில் துணி திணித்திருந்தார்கள். ஒன்றில் புதிதாகக் குடிவந்தவர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று அந்தப் பெண் பிள்ளையின் வீடு. அப்பா வெளியூர் போயிருந்தார், வந்திருந்த சித்தி குளிர் தாங்காமல் அடைத்திருக்கிறாள். இரண்டையும் இழுத்து எடுத்தேன்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது சொன்னேன். இரண்டு என்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"எந்த ரெண்டு வீடு?"

சொன்னேன்.

"நாளைக்கும் ஒருவாட்டி போய்ப் பாருக்கா" என்றான்.